அம்மா யாருக்குப் பின்னால் நடந்தாள்

முருங்கைக்காய்ப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். லண்டனின் கிங்ஸ்பரியில், எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற கடை. பக்கத்திலேயே இருந்தும் அதுவரை நான் போகாத கடை. அம்மா ஊரிலிருந்து வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. முருங்கைக்காய் இல்லாமல் சாம்பார் வைக்க மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

வெளியே மழை. உள்ளே நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்திருந்தன. பெட்டியில் கிடந்த காய்கள் வாடிப்போய், வளைத்தால் ஒடியாமல் துவண்டன. கல்லாவில் இருந்த கடைக்காரர் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உடனே உள்பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு முருங்கைக்காய் பாக்குது. உள்ளுக்கை இருக்கிற புதுசிலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லண்டனில் இது எனக்குப் பழகிய வேடிக்கை. பேசலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் எனக்குப் பின்னால் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார். அங்கே அம்மா நின்றாள். சேலைக்கு மேல் ஒரு நல்ல கம்பளிக் கோட்டு, தலையில் குல்லாய், இரண்டு கையிலும் பை.

"அம்மா, நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாய்யா. மன்னார்குடிப் பக்கம்."

"இவையின்ரை வீட்டிலையோ வேலைக்கு நிக்கிறியள்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாய்யா" என்றாள்.

"நல்ல ஆக்களோ?"

"தங்கமானவங்க. எல்லாம் அவங்க குடுக்குறாங்க. ஒரு கொறையும் கெடையாது."

என் அம்மா என்னைப் பற்றி 'அவங்க' என்று பேசுவதை நான் முதன்முதலாகக் கேட்டேன். குரல்கூட அவளுடையது இல்லை. மெலிந்து, கொஞ்சம் உயர்ந்து, சொல்லின் கடைசியில் தழைந்து போகிற குரல். அந்தக் குரலைச் சின்ன வயதில் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

"அண்ணா, இவங்க என்னைப் பெத்தவங்க" என்றேன்.

கடைக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து மனைவியைக் கூப்பிட்டார். "கேட்டீரே? என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறா. வேலைக்கு நிக்கிற மனுசியைப் பெத்த தாய் மாதிரி எண்டு சொல்லுறா. எங்கடை சனம் இப்பிடிச் சொல்லுமோ?"

"எங்கை பழகினனீங்கள்?" என்று கடைக்காரரின் மனைவி ஆசையோடு கேட்டார். புது முருங்கைக்காயோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இலவசமாகப் பைக்குள் வந்து விழுந்தது.

அம்மா அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோலின் கதை, தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தோலைப் பற்றித் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கறுப்பாகப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் நடுவகுப்புகள் படிக்கும்போது உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. அப்புறம் விரல் முட்டிகளில், கண்ணைச் சுற்றி, முழங்கையில். கல்லூரி முடிக்கும்போது நான் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. லண்டனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், இடது காதுக்குப் பின்னால் மிச்சம் இருந்த கடைசிக் கறுப்பும் போய்விட்டது. வலியில்லை, நோவில்லை. நிறம் மட்டும் இறங்கிப் போனது.

அதைத் தடுக்க அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. கார்போகரிசி என்கிற நாட்டு மருந்து விதையை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைப்பாள். தோல் கொப்பளிக்கும். எந்தக் கோயிலில் எந்த வேண்டுதல் என்றாலும் நடந்தே போவாள். எங்கள் தெருவே ஊருக்கு ஒதுக்குப்புறம். அந்தத் தெருவுக்குள்ளும் நான் ஒதுக்குப்புறம் ஆனேன். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். கல்யாண வீட்டில் என்னைப் படம் எடுக்க மாட்டார்கள்.

அதனால் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. தாசில்தார் ஆபீஸில் கொடுத்த 'முதல் தலைமுறைப் பட்டதாரி' சான்றிதழை லேமினேட் செய்து லண்டன் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு நகரத்துக்குக் குடிநீர் கொண்டு போகும் குழாய்களை வடிவமைக்கிற பொறியாளர் நான். யாரிடமும் கெஞ்சி வாங்கியது எதுவும் என்னிடம் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனக்கு முன்னால் போகிறவள்

கடைசிக் கறுப்பும் போன பிறகுதான் அது தொடங்கியது.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் ஓர் இடத்துக்குப் போவதற்கு முன்னால் வேறு ஒருத்தி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் போய் அந்தக் கதவுக்குள் நுழைவேன். அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பு வந்து என் முகத்தில் விழும்.

ஒருநாள் ஒரு துணிக்கடையிலிருந்து வெளியே வரும்போது வாசலில் இருக்கும் அலாரம் கத்தியது. அதே நொடியில் என் பக்கத்தில் ஒரு கறுப்பின மனிதரும் வெளியேறினார். ஆபீஸ் உடுப்பு, கையில் ஒரு சின்னப் பை. காவலாளி என்னைப் பார்த்து, போகலாம் என்று தலையாட்டிவிட்டு அவரை நிறுத்தினார். நான் திரும்பிப் போய் என் பையைத் திறந்தேன். புதிதாக வாங்கிய ஸ்வெட்டரில் பில் போட்டவர் கழற்ற மறந்த திருட்டுத் தடுப்பு வில்லை அப்படியே தொங்கியது. "இதுதான் கத்தியிருக்கும்" என்றேன். "பரவாயில்லை, நீங்க போங்க" என்றார் காவலாளி, வில்லையைப் பார்க்காமலே. அந்த மனிதர் தன் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. வில்லையை மேசையில் வைத்த பிறகுதான் அவரை விட்டார்கள். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து, புதினா மிட்டாய் வாசனை அடிக்கும் மூச்சு காதில் படும்படி, "இந்தத் தெரு எப்படி இருந்தது தெரியுமா? இப்போது அவர்கள்தான் எல்லா இடத்திலும்" என்றார். நிறுத்தத்தில் நின்ற மற்றவர்கள் அத்தனை பேரும் நான் பிறந்த நிறத்தில் இருந்தவர்கள். அவர் யாரிடம் பேசுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள்" என்று சொன்னாலும் அவள் போகமாட்டாள். கேட்பவர்களே அவளுக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். "அப்படியா, உங்க அப்பா அங்கே டாக்டரா இருந்தாரா?" "தூதரகத்தில் வேலையா?" வாய்க்கால் வெட்டிய என் அப்பா இருந்த இடத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து நிற்பார். நான் மறுப்பேன். மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அந்தத் தொப்பிக்காரரைப் பற்றி விசாரிப்பார்கள்.

வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்தில், மின்னஞ்சலில் மலர்விழி என்ற பெயரை மட்டும் பார்த்தவர்கள் பெரும்பாலும் பதில் போடவில்லை. வீடியோவில் முகத்தைப் பார்த்தவர்கள் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள். வீடும் அப்படித்தான். போனில் "பிறகு கூப்பிடுகிறோம்" என்ற அதே ஏஜெண்ட், நேரில் போய் நின்றபோது அன்றைக்கே சாவியைக் காட்டினார்.

கல்லூரியில் என்னை 'கோட்டா' என்று கூப்பிட்ட ஒரு கும்பல் இருந்தது. ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய இடத்தைத் தானமாகக் கிடைத்தது என்றார்கள். இங்கே எனக்கு உண்மையிலேயே தானமாகக் கிடைக்கிறது. தினமும், காலையிலிருந்து. ஒருவரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வந்த புதிதில்

அம்மா வந்தபோது குளிர்காலம். நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் வாரம் முழுக்க அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுசாக வெளுத்த பிறகு அவள் என்னை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. தூங்கும்போது வந்து என் கையைத் தொட்டுப் பார்ப்பாள். கண்ணைத் திறந்தால், "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பாள்.

வெளியே போனால் அவளுக்கு ஆச்சரியம். ரயிலில் எனக்கு வழி விட்டார்கள். பூங்காவில் நாயோடு வந்தவர்கள் எனக்குக் காலை வணக்கம் சொன்னார்கள்.

"என்ன பாப்பா, இங்க உனக்கு ராஜமரியாதையால்ல இருக்கு" என்றாள். "எந்த வெள்ளையப் பாத்து நான் கோயில் கோயிலா அழுதேனோ, அது இங்க வந்து சோறு போடுது பாரு."

"அது வெள்ளைக்குக் கெடைக்கிற மரியாதைம்மா. எனக்கில்ல."

"உன் மேலதான இருக்கு? அப்ப உனக்குத்தான்."

சிரித்துவிட்டேன். அவளோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

அதற்கப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். நடைபாதையில் அம்மா என் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்துகொண்டிருப்பாள். மூட்டு வலியோ என்று நான் மெதுவாக நடந்தேன். அவளும் மெதுவாக நடந்தாள். நான் நின்றால் நின்றாள். ரயிலில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கதவோரம் நின்றுகொண்டாள். என் கைப்பையை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

கடைக்குப் போன அன்று, மழையில் திரும்பி வரும்போது, அந்தக் குரலை எங்கே கேட்டேன் என்பது ஞாபகம் வந்தது.

ஊரில் பண்ணைவீட்டு அம்மா பஸ் ஏறப் போகும்போது என் அம்மா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். ரொம்பத் தள்ளியும் இல்லை, கிட்டத்திலும் இல்லை. நிழல்கூட மேலே படாத ஒரு தூரம். கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், கூப்பிடாவிட்டால் இருப்பதே தெரியக்கூடாது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அப்போது பேசிய குரல்தான் அது.

மழையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அதே தூரத்தில் அம்மா நின்றாள். குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் பார்வை என் முகத்தில் இல்லை. எனக்குச் சற்று முன்னால், வெறும் நடைபாதையில், யாரோ போய்க்கொண்டிருப்பதைப் பார்ப்பது போல இருந்தது. அத்தனை நாளும் நான் மட்டும் உணர்ந்துகொண்டிருந்த அவளை அம்மாவும் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்கவில்லை. அவளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

எலுமிச்சை வாசனை

குடியிருப்பின் வாசலில் ஹெலன் எதிர்ப்பட்டார். எங்களுக்கு நேர் கீழ்வீடு. இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு கைத்தடியோடு நடக்கிறவர். நல்ல மனுஷி. புதுவருஷத்துக்கு எனக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தவர்.

"மலர், உங்களைப் பார்க்கணும்னே இருந்தேன்" என்றார். "அவளைக் கொடுத்து உதவினதுக்கு ரொம்ப நன்றி. என் குளியலறை இப்படிப் பளபளன்னு இருந்ததே இல்லை."

எனக்குப் புரியவில்லை. "யாரை?"

ஹெலன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோட்டு அவளுக்குச் சரியா இருக்கில்ல? என் பழைய கோட்டு. பாவம், அந்த மெல்லிசுத் துணியோட நிற்கிறாளேன்னு இருந்தது. புதன்கிழமைகளில் மட்டும் தொடர்ந்து அனுப்ப முடியுமா? உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா."

அந்தக் கோட்டு எப்படி வந்தது என்று நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "கீழ்வீட்டு அம்மா குடுத்துச்சு, குளுருதுன்னு" என்று அம்மா சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாசம் என்று நினைத்துவிட்டேன். சில நாட்களாக அம்மாவின் கையில் எலுமிச்சை வாசனை அடித்ததையும் கவனித்திருந்தேன். ரசத்துக்குப் பிழிந்திருப்பாள் என்று இருந்துவிட்டேன். அது தரை துடைக்கிற திரவத்தின் வாசனை.

ஹெலனுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டுப் படியேறினேன். எனக்குப் பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் அதே தூரத்தில் ஏறி வந்தது.

கதவைச் சாத்தினேன். "எத்தன நாளா நடக்குது இது?"

"கத்தாத. கீழ கேக்கும்."

"அம்மா."

"நீ வேலைக்குப் போயிட்ட. நான் சும்மா கீழ போயி நின்னேன். அந்த அம்மா பையத் தூக்க முடியாம நொண்டிக்கிட்டு வந்துச்சு. வாங்கிட்டுப் போயி வெச்சேன். மேல கையக் காட்டி மலர், மலர்னு என்னமோ கேட்டுச்சு. நான் 'மேடம் ஆபீஸ்'னு சொன்னேன். அப்பறம் குளிக்கிற ரூமக் கையக் காட்டுச்சு, கழுவிக் குடுத்தேன்."

"என்னையா மேடம்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? எம்பொண்ணுன்னு சொன்னா உன்ன ஒரு மாதிரி பாக்கும்."

"பாத்தாப் பாக்கட்டும்மா."

அம்மா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நிதானமாக, மடிப்பு விழாமல்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது பாப்பா. நீ புஸ்தகத்துல படிச்ச. நான் பண்ணையில நின்னவ. ஒரு ஆள மேல வெச்சிருக்காங்களா கீழ வெச்சிருக்காங்களான்னு கண்ணப் பாத்தே சொல்லிருவேன். உன்ன மேல வெச்சிருக்காங்க. பக்கத்துல என்னைப் பாத்தா கேள்வி வரும். ஒரு தடவ கேள்வி வந்தா அப்பறம் போவாது. வந்து நாலு மாசம் இருந்துட்டுப் போறவ நான். நீ இங்கயே கெடக்கப்போறவ. நானா வந்து கெடுப்பேன்?"

அவள் அழவில்லை, கோபப்படவில்லை. வீட்டுக்கு எந்த அரிசி நல்லது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைக் கலங்கடித்தது. அவளை இந்த ஊருக்கு வரவழைக்க நான் பட்ட பாடு எல்லாம் அம்மாவோடு இருப்பதற்குத்தான். இந்த ஊரில் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, அம்மா மட்டும் என் அம்மாவாக இருக்க மாட்டேன் என்கிறாள். இப்படியே விட்டால் அவள் திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிக்கக்கூட மாட்டாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து, தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

"கீழ போயிச் சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"சொல்லாத பாப்பா."

"சொல்வேன்."

"அப்ப நான் வரல."

இரண்டு மன்னிப்பு

தனியாகத்தான் போனேன். ஹெலன் கதவைத் திறந்தார். உள்ளே அம்மா துடைத்த தரை மின்னியது. நாற்காலிகள் எல்லாம் எங்கள் ஊர் வழக்கப்படி சுவரோரமாக வரிசையாக நின்றன. என் அம்மாவின் கை ஓர் அந்நிய வீட்டுக்குள் தெரிவது விசித்திரமாக இருந்தது.

சொன்னேன். வேலைக்காரி இல்லை, என் அம்மா. என் தோல் பிறக்கும்போது இப்படி இல்லை. அவளுடைய நிறத்தில்தான் நான் பிறந்தேன்.

ஹெலன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக, பொறுமையாக, மூக்கு, உதடு, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெரிந்த வீட்டுக்குள் இத்தனை நாள் இன்னொருவர் இருந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தவர் பார்க்கிற பார்வை. எனக்கும் அப்போது ஒன்று நடந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அந்தப் பார்வையிலிருந்து பழைய சிரிப்பு திரும்பி வராதா என்று ஒரு கணம் ஏங்கினேன். இனாமாக வந்ததுதான், எனக்கானதே இல்லைதான். ஆனாலும் கை அதை விட மறுத்தது.

ஹெலனின் முகம் சிவந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ மலர், என்னை மன்னிச்சிடுங்க. உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும். என்ன நினைச்சிருப்பீங்க என்னைப் பத்தி."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தபடி, ஆறுதலாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை, உங்களைப் பார்த்தால் தெரியவே இல்லை."

படியேறி வந்தேன். அம்மா முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"என்ன சொல்லுச்சு?"

"மன்னிப்புக் கேட்டாங்க."

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

கத்தி நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏன், உன்னையா கக்கூசு கழுவச் சொன்னுச்சு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன்.

"வேல செஞ்சது நானு" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. கடையில் கேட்ட குரல் இல்லை. எங்கள் தெருக் குழாயடியில் வரிசையை மீறி வருகிறவர்களிடம் பேசுகிற குரல். "முட்டி தேயத் தேய்ச்சது நானு. மன்னிப்பு மட்டும் உனக்கா? அது உனக்கு எந்தக் கணக்குல வருது?"

"நான் கேக்கலம்மா. அவங்களா குடுத்தாங்க."

"வாங்கிட்டு வந்துட்டல்ல?"

அவள் கையை அலம்பி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோட்டு ஆணியிலேயே தொங்கியது. அதை அவள் போட்டுக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கிறேன் என்று கையில் எடுக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றாள். "வா" என்றாள்.

கீழ்த் தளத்தின் நடைவழி விளக்குகள் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் எரியும். நாங்கள் இறங்கியதும் ஒவ்வொன்றாக எரிந்தன. ஹெலன் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

யாரும் வரவில்லை.

மறுபடி அடித்தேன். நாங்கள் அசையாமல் நின்றதால் விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில், கதவின் நடுவே இருக்கும் பார்வைத் துளை மட்டும் ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரிந்தது. உள்ளே கைத்தடியின் சத்தம் மெதுவாக வந்தது. வந்து கதவருகே நின்றது. வெளிச்சப் பொட்டு மறைந்தது.

ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டில் அதற்கு யார் தெரிந்திருப்பார்கள்? என் வெளுத்த முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். கதவு அதற்காகத் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாளில் கை வைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அம்மா என் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். அவள் அசைந்ததில் விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து, அந்தத் துளைக்கு நேராக முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

தாழ்ப்பாள் சத்தம் நின்றுவிட்டது. நாங்கள் அங்கேயே நின்றோம்.